இறங்காத கோடு

பிரிஸ்பேன்
11 பிப்ரவரி 2007

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஷாலேஷின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? நம் குட்டி ரினல் பள்ளிக்கூடத்தில் ஃபார்ம் த்ரீக்குப் போய்விட்டாள் என்பதை நம்பவே முடியவில்லை.

டிசம்பரில் ஃபிஜியில் பட்டாளம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்த செய்தி வந்ததும் உங்களுக்குப் போன் செய்தேன். "இங்க ஒண்ணுமில்ல, எல்லாம் அமைதி" என்றீர்கள். பக்கத்தில் அத்தானும் ரினலும் நிற்கும்போது நீங்கள் வேறு என்ன சொல்வீர்கள்? அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். அப்பா நமக்குச் சொல்லிக்கொடுத்த இந்தத் தமிழ் எழுத்தை அந்த வீட்டில் உங்களைத் தவிர யாராலும் படிக்க முடியாது. உண்மையிலேயே அமைதிதானா? ரோட்டுப் பக்கம் வண்டி எதுவும் வந்து நிற்கிறதா?

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். கரும்பாலை ஆபீசில் கம்ப்யூட்டர் கிளார்க்காக இருந்தவன் இங்கே வீடியோ கேம் செய்கிறான் என்று அத்தான் இன்னும் சிரிப்பார். ஆனால் இது சாதாரண கேம் இல்லை, அக்கா. விளையாடுகிறவரின் விரலில் ஒரு சின்னப் பட்டை கட்டுவோம். அது நாடித்துடிப்பையும் விரல்நுனி வியர்வையையும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். விளையாடுகிறவர் பயந்தால் கேம் ஒரு மாதிரி மாறும், நிம்மதியானால் வேறு மாதிரி மாறும். ஒரே கேமை இரண்டு பேர் விளையாடினால் இரண்டு கதை. அந்த மாற்றங்களை யோசித்து வடிவமைப்பதுதான் என் வேலை.

இப்போது ஒரு வீட்டை வைத்து ஒரு கேம் செய்கிறோம். கரும்புக்காடு, தகரக்கூரை, முன்னால் ஒரு தோட்டம். நம் வீட்டு முன்கதவு திறக்கும்போது எப்படிச் சத்தம் போடும் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வரவில்லை. கொஞ்சம் எழுதுங்களேன்.

அன்புடன்,
ஷாலேஷ்


தவுவா
4 மார்ச் 2007

அன்புத் தம்பி ஷாலேஷுக்கு,

அக்கா ஜான்கி எழுதுவது. உன் கடிதம் பதினோராம் நாள் வந்து சேர்ந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வயது குறைந்தால்தான் அதுவும் குறையும். அத்தானுக்குச் சர்க்கரை கூடித்தான் இருக்கிறது. கரும்பு விவசாயிக்குச் சர்க்கரை வராமல் வேறு யாருக்கு வரும் என்று டாக்டரிடமே ஜோக் அடித்துவிட்டு வந்திருக்கிறார்.

அமைதிதான். பயப்படாதே. பாலத்தருகே சிப்பாய்கள் நிற்கிறார்கள். பஸ்ஸை நிறுத்துவார்கள், உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், "புலா" என்று வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். 2000 கலவரம் மாதிரி எதுவும் இல்லை. இந்த முறை வண்டி எதுவும் வரவில்லை.

மற்றபடி ஊரில் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மேட்டு வீட்டு பாலசுப்பிரமணி குடும்பம் ஆக்லாந்து போய்விட்டது. நரேந்திரா அண்ணன் குடும்பம் இங்கேதான். அவர் கரும்பை விட்டு ஆறு வருடமாகிறது. இப்போது தவுவா மார்க்கெட்டில் பயத்தங்காயும் கீரையும் விற்கிறார். அவருடைய மகள் உர்மிளாவும் ரினலும் ஒரே வகுப்பு. சனிக்கிழமை ஆனால் இரண்டும் நம் வீட்டில்தான் கிடக்கும்.

உன் வேலை எனக்கு முழுதாகப் புரியவில்லை. நமக்குப் பயமாக இருப்பது நமக்கே தெரியும், அதை ஒரு பெட்டி எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் நீ சந்தோஷமாக எழுதியிருக்கிறாய், அது போதும்.

கதவைப் பற்றிக் கேட்டாய். அந்தக் கதவு இப்போது இல்லை. அத்தான் 2001இல் இரும்புக் கதவு போட்டுவிட்டார். பழையது எப்படிச் சத்தம் போட்டது என்று எனக்கும் நினைவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா


பிரிஸ்பேன்
25 மார்ச் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் பற்றி எழுதியது ஆறுதலாக இருந்தது. அத்தானின் ஜோக்கை ஆபீசில் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு இங்கே ஒரு சிக்கல். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பெட்டிக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது. ஒருவர் பயத்தில் வியர்க்கிறாரா, குஷியில் வியர்க்கிறாரா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுக்கும் திரையில் ஒரே கோடுதான், விறுவிறுவென்று மேலே ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். கேமில் அந்த நொடி என்ன நடந்தது என்று பார்த்துத்தான் நாங்கள் ஊகிக்கிறோம். எல்லாக் கம்பெனியும் பயத்தைத்தான் துரத்துகிறது. எனக்கு வேறொன்று வேண்டும். வெட்கம். பெண் பார்க்க வரும்போது வருகிற வெட்கம் இல்லை, அக்கா. செய்யக்கூடாததைச் செய்த பிறகு வருவது. அதற்கு உடம்பு என்ன செய்யும்?

ஒரு நாள் மத்தியானம் பட்டையை என் விரலிலேயே கட்டிக்கொண்டு உட்கார்ந்து பழைய விஷயம் ஒன்றை நினைத்தேன். கோடு மெதுவாக ஏறியது. ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன், இறங்கவில்லை. என் மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன நினைச்சே?" என்று கேட்டார். பரீட்சையில் காப்பியடித்ததை என்று சொன்னேன்.

இங்கிருந்து லவுடோகா போகும் ஒரு நண்பரிடம் ஒரு பட்டையும் கேமின் முதல் பாகமும் கொடுத்து அனுப்புகிறேன். வெறும் தோட்டம்தான், பயமாக எதுவும் இல்லை. ரினல் விளையாடட்டும். நீங்களும் ஒருமுறை கட்டிப் பாருங்கள். அளவுகள் எல்லாம் தானாக சிடியில் பதிவாகும். ரினலிடம் சொல்லி அந்த சிடியை எனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஷாலேஷ்


தவுவா
29 ஏப்ரல் 2007

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உனக்கு இருமல் என்று போனில் ரினலிடம் சொன்னாயாம். மிளகு ரசம் வைத்துக் குடி.

உன் பெட்டி வந்து வீடே தலைகீழாகிவிட்டது. ரினல் பட்டையைக் கட்டிக்கொண்டால் தோட்டத்தில் பூ பூக்கிறது. அத்தான் கட்டிக்கொண்டால் கத்தரிச்செடி வாடிப்போகிறது. "நான் கோபமாவே இல்லையே, எதுக்கு இப்படிச் சாகுது?" என்று கத்தினார். கத்தக் கத்த இன்னும் இரண்டு செடி செத்தது. உர்மிளா தரையில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு எல்லாருமாகச் சேர்ந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். எலியை எப்படி நகர்த்துவது என்று ரினல் சொல்லிக்கொடுத்தாள். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அதில் ரோட்டில் ஒரு கேரியர் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை, வண்டி கிளம்பிப் போய்விட்டது. எனக்கு அடுப்பில் வேலை இருந்தது, எழுந்துவிட்டேன். பட்டையைக் கழற்ற மறந்து அதோடேயே கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றிருக்கிறேன். வயர் நீளமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. உர்மிளா வந்து கழற்றிவிட்டாள்.

சிடியை இத்துடன் அனுப்புகிறோம்.

தோட்டத்தில் கேரியர் எதற்கு, தம்பி?

அக்கா


பிரிஸ்பேன்
27 மே 2007

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. ரசம் வைத்தேன், உங்கள் கைமணம் வரவில்லை.

சிடி கிடைத்தது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ரினலின் கோடு பட்டாம்பூச்சி மாதிரி ஏறி இறங்குகிறது. அத்தானின் கோடு அத்தான் மாதிரியே. உங்கள் கோடு கேரியர் சத்தம் வரும்வரை தரையோடு கிடக்கிறது. சத்தம் கேட்டதும் ஏறுகிறது. அது பயம், எனக்குப் புரிகிறது. 2000 ஆகஸ்டில் அந்த ஆட்கள் கேரியரில் வந்து வீட்டைச் சூறையாடிய பிறகு யாருக்குத்தான் அந்தச் சத்தம் பிடிக்கும்? ஆனால், அக்கா, வண்டி போன பிறகும் அது இறங்கவில்லை. நீங்கள் சமையலறையில் நின்ற பதினாறு நிமிஷமும் மேலேயே நிற்கிறது. உர்மிளா பட்டையைக் கழற்றுவதற்கு முந்தின நொடி இன்னும் ஒரு படி ஏறுகிறது.

இந்தக் கோடு எனக்குத் தெரியும். என் விரலில் பார்த்த கோடு.

அன்று நான் பா டவுனில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீங்கள் யாரிடமும் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் இங்கே வந்துவிட்டேன். அன்று வாசலில் என்ன நடந்தது? என்னிடம் சொல்ல வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?

தோன்றினால் எழுதுங்கள். அத்தானுக்கும் ரினலுக்கும் என் அன்பு.

ஷாலேஷ்


தவுவா
22 ஜூலை 2007

தம்பிக்கு,

இங்கு சுகம். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது, அதனால்தான் பதில் எழுதத் தாமதம். அத்தான் லாரியோடு ஆலை வாசலிலேயே கிடக்கிறார். மாரியம்மன் கோயிலில் தீமிதி நன்றாக நடந்தது. நூற்றுப்பத்துப் பேர் இறங்கினார்கள். அத்தானும் இறங்கினார். நான் இந்த வருடமும் காப்புக் கட்டிக்கொள்ளவில்லை.

நீ கேட்டதற்கு எழுத ஒன்றும் இல்லை. சாமான் போயிற்று, உயிர் போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிரிஸ்பேன்
19 ஆகஸ்ட் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காப்புக் கட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முழங்கால்தான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் கேமை ஒரு பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டது. போன வாரம் அவர்கள் ஆட்கள் ஏழு பேர் வந்து இரண்டாம் பாகத்தை விளையாடிப் பார்த்தார்கள். முடித்ததும் ஒருவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். "இந்த மாதிரிக் கோடு நாங்கள் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார்கள். என் மேலாளர் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்குச் சம்பளத்தோடு பதவியும் உயர்ந்திருக்கிறது. அப்பா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இல்லாததும் நல்லதுதான் என்றும் நினைத்துக்கொண்டேன்.

முதல் பாகம் முடிந்துவிட்டது, அடுத்தது வேண்டும் என்று ரினல் ஈமெயிலில் மூன்று முறை கேட்டுவிட்டாள். அனுப்பியிருக்கிறேன். அது தோட்டம் மாதிரி இருக்காது. நீங்கள் பார்க்க வேண்டும் என்று அவசியம் இல்லை. பார்த்தாலும் சரிதான்.

இன்னும் ஏதோ எழுத நினைத்தேன். பிறகு எழுதுகிறேன்.

ஷாலேஷ்


தவுவா
16 செப்டம்பர் 2007

ஷாலேஷ்,

நீ சுகமா என்று இன்று கேட்கப்போவதில்லை.

நேற்று சனிக்கிழமை. ரினல் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், உர்மிளா பக்கத்தில். நான் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரையில் நம் பழைய கதவு. திறக்கிற சத்தம் நினைவில்லை என்று உனக்கு எழுதினேன், அது பொய். கேட்டவுடன் எனக்குத் தெரிந்தது. நீயும் மறக்கவில்லை.

ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். கையில் கரண்டி. எதிரே ஆட்கள், முகம் தெரியவில்லை. "யாருகிட்ட டிராக்டர் இருக்கு? எந்த வீடு?" என்று கேட்கிறார்கள். ரினலுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவள் பயப்படப் பயப்பட, பக்கத்தில் மாமரங்களுக்குப் பின்னால் இருக்கிற வீட்டுப் பாதையில் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது. உர்மிளா சொன்னாள், "ஆண்ட்டி, இது எங்க வீட்டு மாமரம் மாதிரியே இருக்கு. எங்க தண்ணி டாங்கிகூட இருக்கு பாருங்க." ரினல் பொத்தானை அழுத்தினாள். கரண்டி பிடித்த கை உயர்ந்து அந்த வீட்டைக் காட்டியது. ஆட்கள் போய்விட்டார்கள். அதன்பிறகு அந்தப் பெண் தன் வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் ஒருவர் உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் பேசவில்லை, பார்க்கிறார். ரினல் ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். எல்லா அறையிலும் அவர்.

உர்மிளா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

ரினல் திரும்பி என்னைப் பார்த்தாள். ஹிந்தியில்தான் கேட்டாள். "மம்மி, அன்னைக்கு நான் கட்டிலுக்கு அடியில இருந்தேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குக் கேட்டுச்சு. நான் கனவுன்னு நெனச்சுட்டு இருந்தேன்." பிறகு கேட்டாள், "மாமா பா டவுன்ல இருந்தாங்கன்னா, அவங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

நீ பா டவுனில் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். வண்டிச் சத்தம் கேட்டதும் நீ சாப்பிட்ட தட்டைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாகக் கரும்புக்குள் ஓடியதை நான் பார்த்தேன். ஓடட்டும் என்றுதான் நினைத்தேன். ஆண்பிள்ளைகளைத்தான் அடிப்பார்கள் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். கரும்பு ஆடுவதைப் பார்த்தான். கத்தியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தான். அப்போதுதான் நான் கையைத் தூக்கினேன். "டிராக்டர் அந்த வீட்ல இருக்கு" என்றேன். அவனும் திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டான்.

ரோட்டிலிருந்து பார்த்தால் நரேந்திரா அண்ணன் வீடு தெரியாது. நான் காட்டாவிட்டால் அவர்கள் போயிருக்க மாட்டார்கள். சாவி தரமாட்டேன் என்றதற்கு அவர் கையை டிராக்டர் மட்கார்டிலேயே வைத்து உடைத்தார்கள். அந்தக் கையால் அவர் பிறகு கரும்பு வெட்டவில்லை. நிலத்தை விட்டார்.

மறுநாள் பக்கத்துக் கோரோ கிராமத்திலிருந்து நமக்குத் தெரிந்த பூர்வகுடி ஃபிஜிக்காரர்கள் மரவள்ளிக்கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். வந்த ஆட்களில் தங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லை, ஆனாலும் வெட்கமாக இருக்கிறது என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தக் கிழங்கை வாங்கிச் சாப்பிட்டேன். எதுவும் செய்யாதவர்கள் தலைகுனிந்திருக்க, நான் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உன் கேமில் அவள் பயத்தால் காட்டுகிறாள். பயம் ஏற ஏற வெளிச்சம் கூடுகிறது. அவ்வளவுதான் நீ கண்டுபிடித்தது. கரும்புக்குள் ஒருவன் படுத்திருப்பதை அதில் நீ வைக்கவில்லை.

உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று ஏழு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில நாள் அதை நம்புகிறேன். சில நாள், அவர்கள் என் வாசலை விட்டுப் போனால் போதும் என்றுதான் இருந்தது என்று தோன்றுகிறது. எது என்று உன் பட்டைக்குத் தெரியுமா?

ஜான்கி


பிரிஸ்பேன்
14 அக்டோபர் 2007

அக்கா,

உங்கள் கடிதத்தை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். டிராயரைத் திறக்கவே கை வரவில்லை.

நான் கரும்புக்குள்தான், வீட்டின் பக்கவாட்டில் இருந்தேன். பதினைந்து அடிகூட இருக்காது. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, நீட்டிய கை தோகை வழியாகத் தெரிந்தது. ஒருவன் என் பக்கம் வந்தது எனக்குத் தெரியாது. நான் முகத்தை மண்ணில் அழுத்திக்கொண்டிருந்தேன், திரும்பவும் நிமிர்ந்தபோது நீங்கள் கையை நீட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்றிலிருந்து, அக்கா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. ஓடியது சின்னக் குற்றம், காட்டியது பெரிய குற்றம். பெரியதை உங்கள் தலையில் வைத்துவிட்டு நான் விமானம் ஏறிவிட்டேன்.

நரேந்திரா அண்ணன் கத்தினதும் கேட்டது. அது அடங்கின பிறகும் ரொம்ப நேரம் நான் வெளியே வரவில்லை. சுற்றி ரோட்டுக்குப் போய், பஸ்ஸில் வந்து இறங்கினவன் மாதிரி நடந்து வந்தேன்.

கேமிலிருந்து அந்த இடத்தை எடுத்துவிடும்படி மேலாளரிடம் கேட்டேன். "ஷாலேஷ், அதுதானே இதோட உயிர்" என்றார். எல்லா உரிமையும் இப்போது பெரிய கம்பெனியுடையது. மாமரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் கரண்டியையும் எடுத்துவிட்டு வேறு வீடு வைக்கச் சம்மதித்தார்கள். காட்டுகிற கை அப்படியே இருக்கிறது. வேலையை விட்டுவிட்டேன் என்று உங்களுக்கு எழுத ஆசை. விடவில்லை. இந்த வாரமும் ஆபீஸ் போய்விட்டுத்தான் எழுதுகிறேன்.

உர்மிளா வீட்டில் சொன்னாளா? நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன். வேண்டுமானால் நரேந்திரா அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன்.

ஷாலேஷ்


தவுவா
18 நவம்பர் 2007

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். கரும்பு வெட்டு முடிந்தது. இந்தத் தீபாவளிக்கு நாங்கள் விளக்கு ஏற்றினோம், யார் வீட்டுக்கும் இனிப்பு கொண்டுபோகவில்லை.

உர்மிளா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. நம் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ரினல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போகிறாளாம். பதின்மூன்று வயதுப் பெண் என் விஷயத்தைச் சுமந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு திரிகிறாள். அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. முதலில் அத்தானிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய் லாரிக்குக் கிரீஸ் போட்டார். அது முந்தின நாள்தான் போட்டது. திரும்பி வந்து, "நானும் வர்றேன்" என்றார். வேண்டாம் என்று நான் மட்டும் போனேன்.

போன செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி. நரேந்திரா அண்ணன் வீட்டுப் பின்னால் உட்கார்ந்து மறுநாள் மார்க்கெட்டுக்குப் பயத்தங்காய் கட்டிக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் மடங்காது, அதனால் கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வார். அண்ணன் மனைவி சுஷீலா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் உட்காரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு அவங்களுக்கு உங்க வீட்டைக் காட்டினது நான்தான்" என்றேன்.

அவர் பல்லில் இருந்த கயிற்றை எடுத்தார். "என்ன சொல்ற?"

"டிராக்டர் எங்க இருக்குன்னு கேட்டாங்க. நான் கையைக் காட்டினேன். அதுனாலதான் வந்தாங்க."

சுஷீலா என் கையிலிருந்த டீயைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். குடிக்காத டீ. "ஏழு வருஷமா எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தே, சாவுக்கு வந்தே. என் பொண்ணுக்குத் தலை பின்னிவிட்டே" என்றாள். அவள் சத்தம் போடவில்லை. "நீ போ, ஜான்கி."

நான் திரும்பினேன். அவர்தான், "இரு" என்றார். கட்டாத காய்களை இடது கையால் ஒதுக்கி வைத்தார். "எதுக்குக் காட்டினே? அடிச்சாங்களா உன்னை?"

"இல்லண்ணே. ஒருத்தன் கத்தியோட எங்க கரும்புக்குள்ள போகப் பார்த்தான்."

"கரும்புக்குள்ள என்ன இருந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன், ஷாலேஷ். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் என்னுடையதைச் சொல்லத்தான் நான் போயிருந்தேன். உன்னுடையதையும் நானே சொல்லிவிட்டால் மறுபடியும் நான் ஒருவரைக் காட்டிக்கொடுத்தது போலத்தான் ஆகும். இல்லாவிட்டால் மறுபடியும் உனக்காக நான் செய்தது போல ஆகும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. முகம் மட்டும் எரிந்தது. அடுப்பில் குனிந்தது மாதிரி எரிந்தது, வீடு வந்து சேரும்வரை.

அதன்பிறகு இரண்டு முறை மார்க்கெட்டில் பார்த்தேன். முதல் முறை என்னைப் பார்க்காதது போல இருந்தார். இரண்டாம் முறை, நேற்று, நான் கீரை வாங்க வேறு கடைக்குப் போனபோது கூப்பிட்டார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. என் பெயரைச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை. கரும்புக்குள் என்ன இருந்தது என்று அதே கேள்வியைத்தான் மறுபடியும் கேட்டார்.

கடிதம் எழுதுகிறேன் என்று சொன்னாய். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, உன் இங்கிலீஷ் அவருக்கு வேண்டாம். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் மார்க்கெட்டில் இருப்பார், வாசலிலிருந்து நாலாவது மேசை. அங்கே நிற்பது கஷ்டமாகத்தான் இருக்கும். நான் நின்றேன்.

அவரிடம் நான் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன். கரும்புக்குள் இருந்தது வந்து அதுவே சொல்லும் என்று.

அக்கா